குதிகாலில் நாணும் எலும்பும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இவ்வாண்டு உடல்நூலிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். கண், இதயம், மூளை என்று புகழ் வாய்ந்த உறுப்புகள் பல இருக்க, நாம் குதிகாலைத் தேர்ந்துகொண்டோம். அதிலும், குதிகாலின் பின்புறத்தில் தசைநாண் வந்து எலும்போடு சேரும் சிறிய இடத்தையே இன்று பேசப் புகுகிறோம். இரண்டு விரல்களால் மூடிவிடக்கூடிய இடம் அது. ஆயினும் அவ்விடம் நோகத் தொடங்கினால், நான்கு படி ஏறுவதும் மலையேறுவதாகிவிடுகிறது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்க அஞ்சுவோர் நம் குடியிருப்பிலேயே பலர் உள்ளனர். எல்லாவற்றையும் ‘குதிகால் வாதம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, எண்ணெய் தடவிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்வது நம் வழக்கம். அவ்விடத்தின் அமைப்பை அறிந்தால், எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்பது விளங்கும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். குதிகாலுக்கு மேலே, கணுக்காலின் பின்புறத்தில் விறைப்பாகக் கைக்குத் தட்டுப்படுவதை மக்கள் ‘குதிகால் நரம்பு’ என்பர். உண்மையில் அது நரம்பன்று. தசையை எலும்போடு பிணைக்கும் நாண். மேலைநாட்டார் அதனை அக்கிலீஸ் நாண் என்று வழங்குகின்றனர். லூவன் நகரில் உடற்கூற்றியல் கற்பித்த பிலிப் வெர்ஹேயன் என்பார், 1693-இல் வெளியிட்ட தம் நூலில் அப்பெயரை ஆண்டார். சமயக் கல்வி பயின்றுகொண்டிருந்த இளமையில், நோயினால் இடக்காலை இழந்து, அதன் பிறகு மருத்துவம் கற்கச் சென்றவர் அவர். கால் இழந்தவர் காலின் நாணுக்குப் பெயரிட்டார் என்பது நினைக்கத்தக்கது.

அக்கிலீஸ் என்பவன் கிரேக்கக் கதைகளில் வரும் மாவீரன். அவன் தாய், குழந்தையைக் குதிகாலில் பற்றிக்கொண்டு ஸ்டிக்ஸ் ஆற்றில் அமிழ்த்தினாளாம். நீர் பட்ட உடலெல்லாம் படைக்கலத்துக்கு இடங்கொடாத உடலாயிற்று. கை பற்றிய குதிகால் மட்டும் வலிவற்று நின்றது. ஹோமரின் காவியத்தில் இக்கதை இல்லை. முதல் நூற்றாண்டினரான உரோமானியப் புலவர் ஸ்டேஷியஸ் பாடலில்தான் காண்கிறோம். நம் நாட்டிலும் கண்ணபிரானின் முடிவு, வேடன் எய்த அம்பு காலில் தைத்ததனால் நேர்ந்ததாகப் பாரதத்தின் மௌசல பருவம் கூறுகிறது. இரு நாட்டுக் கதைகளும் காலை வலிவற்ற இடமாகக் காட்டின. உடற்கூற்றியலோ, மனித உடலிலேயே மிகத் தடித்ததும் மிக வலியதுமான நாண் இதுவே என்கிறது.

இந்நாண் எங்கிருந்து வருகிறது? முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் திரண்டிருப்பது கெண்டைக்கால். கெண்டை மீனின் வடிவம் கண்டு நம் முன்னோர் அப்பெயர் இட்டனர் என்பர். அங்கே இரண்டு பெருந்தசைகள் உள்ளன. மேலே இருப்பது தொடை எலும்பின் அடியிலிருந்து இரு தலைகளாகத் தோன்றுவது. அதன் கீழே, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட இரண்டு எலும்புகளிலிருந்து தோன்றும் அகன்ற தசை கிடக்கிறது. இவ்விரண்டும் கீழே இறங்கி ஒன்றாகி, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள நாணாகின்றன. அந்நாண் இடையில் குறுகி, எலும்பைச் சேருமிடத்தில் மீண்டும் விரிகிறது. இறங்கும்போதே அதன் நார்கள் கயிற்றுப் புரிபோல் ஏறத்தாழக் கால்வட்டம் முறுக்கிக்கொள்கின்றன. புரி முறுக்கிய கயிறு சுமையைப் பகிர்ந்து தாங்குவது போலவே இதுவும் தாங்குகிறது. நாம் ஓடும்போது இந்நாணின்மேல் விழும் இழுவிசை, உடல் எடையைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு என்று கணக்கிட்டுள்ளனர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் குதிகாலில், ஒவ்வோர் அடிக்கும் முந்நூற்றறுபது கிலோவுக்குக் குறையாத சுமை வந்து போகிறது என்று பொருள்.

இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். கிணற்றுக் கயிறு எங்கே நைகிறது? முடிச்சிட்ட இடத்தில். இஸ்திரிப் பெட்டியின் மின்கம்பி எங்கே அறுகிறது? கம்பி பெட்டிக்குள் புகும் கழுத்தில். மென்மையான ஒன்று, வன்மையான ஒன்றோடு திடீரெனச் சேருமிடத்திலேதான் விசை குவிகிறது. அதனால்தான் இஸ்திரிப் பெட்டியின் கழுத்தில் ரப்பர் உறை ஒன்றை மாட்டி வைக்கிறார்கள். கம்பி சட்டென மடியாமல், சிறிது சிறிதாக வளைய அது வழி செய்கிறது. குதிகாலிலும் இதே இடர் உண்டு. வளையும் நாண் வளையாத எலும்போடு சேர்கிறது. கணுக்கால் அசையுந்தோறும் சேரும் கோணமும் மாறுகிறது.

இயற்கை இதனை எவ்வாறு தீர்த்தது? நாணுக்கும் எலும்புக்கும் இடையே இரண்டு இடைப்படிகளை வைத்தது. முதலில், இழுவையைத் தாங்கும் நார்களாலான தூய நாண். அடுத்து நார்க்குருத்தெலும்பு, நாரின் உறுதியும் குருத்தின் நெகிழ்வும் ஒருங்கே உடையது. அதற்கடுத்து, சுண்ணாம்புச் சத்து ஏறிய நார்க்குருத்தெலும்பு. நான்காவதாக எலும்பு. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சற்றே கடினமானது. சுண்ணாம்பு ஏறிய படிக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள எல்லை நேர்க்கோடாக இராது. இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் ஒன்றனுள் ஒன்று புகுந்து பற்றியிருக்கும். இவ்விணைப்பின் உறுதிக்கு வேறொரு சான்றும் உண்டு. அக்கிலீஸ் நாண் அறுந்தவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் அது எலும்பைவிட்டுப் பெயர்வதில்லை. இணைப்பிடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, நாணின் நடுவில்தான் அறுகிறது. நாண் அறும், இணைப்போ எளிதில் விடாது.

ஆயினும் இவ்வுறுதிக்கு ஒரு விலை உண்டு. நலமாயுள்ள நார்க்குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை. இரத்தம் செல்லாத இடம் நொந்தால் ஆறுவதற்கு நெடுநாள் ஆகும். குதிகால் நோய் மாதக்கணக்கில் நீடிப்பதற்கு இது ஒரு காரணம்.

குதிகால் எலும்பின் பின்முகத்தை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். நாண் பற்றுவது நடுப்பகுதியில். கீழ்ப்பகுதி உள்ளங்காலை நோக்கி வளைகிறது. மேற்பகுதியை நாண் பற்றுவதில்லை. அதன்மேல் சாய்ந்து செல்கிறது. அங்கே நாணுக்கும் எலும்புக்கும் நடுவில் வழுவழுப்பான நீர் சிறிதளவு கொண்ட சிறு பை ஒன்று உள்ளது. மேலிருந்து கொழுப்புத் திண்டு ஒன்று, கால் அசையும்போது அப்பைக்குள் நுழைந்தும் வெளிவந்தும் இடத்தை நிரப்புகிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால், நாண் எலும்பின் மேல்முனையில் அழுந்துகிறது. இராட்டினத்தின்மேல் கயிறு அழுந்துவது போன்றது இது. அழுந்தும் இரு பரப்புகளிலும், நாணின் உட்புறத்திலும் எலும்பின் மேலும், நார்க்குருத்தெலும்பு படிந்து காப்பாக நிற்கிறது. நாண், எலும்பு, பை, கொழுப்புத் திண்டு, குருத்துப் பரப்புகள் ஆகிய யாவும் ஒன்றுகூடி ஒரே தொழிலைச் செய்வதால், இவற்றைத் தனித்தனியே எண்ணாமல் ஓர் உறுப்பாகவே கொள்ளவேண்டும் என்று மைக்கேல் பெஞ்சமின், டென்னிஸ் மக்கொனகல் என்னும் ஆய்வாளர்கள் 2001-இல் எடுத்துரைத்தனர். மருத்துவ உலகம் அக்கருத்தை ஏற்றுக்கொண்டது.

நாணைப் பற்றி இன்னொரு வியப்பான செய்தி உண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கதிரியக்கக் கரி மிகுந்தது; உணவின் வழியே அது எல்லோர் உடலிலும் சேர்ந்தது. 1963-இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகு அதன் அளவு ஆண்டுதோறும் குறைந்துவந்தது. அந்த அளவைக் கொண்டு, உடலின் ஒரு பகுதி எவ்வாண்டில் உருவாயிற்று என்று கணிக்க முடிகிறது. டென்மார்க் நாட்டு ஆய்வாளர் அக்கிலீஸ் நாணை இவ்வாறு சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். நாணின் உட்பகுதி ஏறத்தாழப் பதினேழு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதன்பின் அது பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்பது அம்முடிவு. எழுபது வயதுப் பெரியவர் இன்று ஊன்றி நிற்பது, பள்ளிப் பருவத்தில் அமைந்த நாணைக் கொண்டே! வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய நாணைக் குழந்தைகள் ஓடியும் ஆடியும் தேடிக்கொள்ளும் காலம் அது. மாலை நேரத்தையும் பாடத்துக்கே ஒதுக்கிவிடும் பெற்றோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

அதே வேளையில், வளரும் குதிகாலுக்கு ஒரு தனித் தொல்லையும் உண்டு. எட்டு முதல் பதினான்கு வயது வரை, நாண் பற்றும் பகுதி குதிகால் எலும்பின் பெரும்பகுதியோடு முழுதும் ஒட்டியிராது. இடையே வளர்ச்சிக்குரிய குருத்து இருக்கும். மிகுதியாக ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு அவ்விடம் நோவதுண்டு. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சீவர் 1912-இல் இதனை விளக்கி எழுதினார். சற்று முன் நம் சிறுமியர் இம்மேடையில் ஆடினர். குதித்து மெட்டு அடவில், முன்பாதத்தில் குதித்தெழுந்து குதிகாலைத் தரையில் தட்டும் ஒவ்வொரு முறையும், அந்த நாணும் குருத்தும் உழைக்கின்றன. அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்களில் பயிற்சியைத் திடீரென இருமடங்காக்கினால், “குதிகால் வலிக்கிறது, அம்மா” என்று பிள்ளை சொல்லக்கூடும். அது சோம்பலால் சொல்லும் சொல்லாக இராது. சில நாள் ஆட்டத்தைக் குறைத்து, குதிகாலுக்கடியில் மெத்தென்ற திண்டு வைத்தால் பெரும்பாலும் தணியும். எலும்பு ஒட்டியபின் தானே மறையும். ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. மெல்ல மெல்லக் கூட்டினால் போதும்.

பெரியவர்கள் நோவெடுத்தால் முதலில் இடத்தை அறியவேண்டும். குதிகாலின் அடியில் வலித்தால், அது உள்ளங்கால் நார்ப்பட்டையைச் சார்ந்ததாக இருக்கக்கூடும். பின்புறத்தில், செருப்பின் வார் படும் இடத்தில் வலித்தால், நாம் இதுவரை பேசிய இணைப்பிடத்தைச் சார்ந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. பிறந்த குழந்தையில் நாணின் நார்கள் குதிகாலைச் சுற்றிக்கொண்டு உள்ளங்கால் பட்டை வரை தொடர்ந்து செல்கின்றன. வயது ஏற ஏற அத்தொடர்ச்சி மெலிகிறது. உறவு இருப்பினும் மருத்துவம் வேறு. பின்புற வலிக்கு இழுவிசை மட்டுமே காரணம் என்று முன்னர்க் கருதினர். எலும்பின்மேல் நாண் அழுந்துவதும் பெருங்காரணம் என்பது இன்றைய தெளிவு. சுவீடன் நாட்டு மருத்துவர் பாட்ரிக் ஹாக்லண்ட், எலும்பின் மேல்முனை புடைத்திருப்போர் விறைப்பான காலணி அணிந்து துன்புறுவதை 1928-இலேயே எழுதினார். குளிர் மிகுந்த இவ்வூரில், தமிழகத்தில் இருந்தபோது செருப்போடு நின்ற நம் கால்கள் ஆண்டில் நான்கு மாதம் பூட்ஸுக்குள் அடைபடுகின்றன. பின்விளிம்பு கடினமான காலணியை விலக்குவதே முதல் மருந்து. குதிகாலைச் சற்றே உயர்த்தும் திண்டு இரண்டாவது; அது அழுத்தத்தைத் தணிக்கும். ஆனால் உயரக் குதிகால் செருப்பையே ஆண்டுக்கணக்கில் அணிந்தால் கெண்டைத்தசையின் நார்கள் குறுகி நாண் விறைக்கும் என்று 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆதலால் திண்டு நோயுள்ள நாட்களுக்கு மட்டுமே.

பயிற்சியிலும் கருத்து வேண்டும். படியின் விளிம்பில் நின்று, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்கும் பயிற்சியைச் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் பரப்பினார். நாணின் நடுப்பகுதி நோவுக்கு அது நல்ல பயன் தந்தது. இணைப்பிட நோவுக்கு அத்துணைப் பயன் தரவில்லை. காரணத்தை நாம் இப்போது அறிவோம். குதிகால் தாழும்போது நாண் எலும்பில் அழுந்துகிறது அல்லவா? எனவே இணைப்பிடம் நோவோர் சமதரையில் நின்றே குதிகாலை உயர்த்தி இறக்குதல் வேண்டும். பலனுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்திருத்தல் வேண்டும். எக்ஸ்-ரே படத்தில் எலும்பு முள் தெரிகிறதென்று அஞ்ச வேண்டா. முள் இருந்தும் வலியின்றி வாழ்வோர் பலர். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச்சொல்லி வற்புறுத்தவும் வேண்டா. அதனால் நாண் வலுவிழந்து அறக்கூடும்.

பொறுக்கலாகாதவை நான்கு உண்டு. ஒன்று: இளவயதினர்க்கு ஓய்வில் மிகுந்து நடந்தால் குறையும் குதிகால் வலி; அதனோடு காலையில் அரைமணிக்கு மேல் இடுப்பு இறுக்கம். முதுகெலும்பைப் பற்றும் ஒருவகை மூட்டழற்சி, நாணும் எலும்பும் கூடும் இடங்களையே விரும்பித் தாக்கும். காலத்தே கண்டறிந்தால், முதுகு வளைந்து இறுகாமல் காக்க இன்று மருந்துண்டு. இரண்டு: இரு கால் நாண்களும் வலியின்றித் தடித்துப் போதல். அது பிறப்பிலேயே குடும்பவழி வரும் கொலஸ்ட்ரால் மிகுதியின் அடையாளமாகலாம். இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தார் இதனைக் கருத்திற்கொண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் நலம். அந்நோயின் மூலத்தைக் கண்ட பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவர்க்கும் 1985-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மூன்று: சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்ணும்போது தோன்றும் நாண்வலி. அவ்வகை மருந்துகளால் நாண் அறக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2008-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கி உண்ணும் வழக்கத்தை நாம் கைவிட இதுவும் ஒரு காரணமாகட்டும். நான்கு: பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற திடீர் வலி. நாண் அறுந்தபின்னும் வேறு தசைகளின் உதவியால் நொண்டி நடக்க இயலுவதால், பலர் அதைச் சுளுக்கென்று எண்ணி நாளைக் கடத்திவிடுகின்றனர். அன்றே மருத்துவரைக் காணவேண்டும்.

தரையில் குந்தி அமர்தல் தீதா என்று தாய்மார்கள் கேட்கலாம். லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராயிருந்த ஹேவ்லாக் சார்லஸ், பஞ்சாபியரின் கால் எலும்புகளை ஆய்ந்து 1893-இல் கட்டுரை எழுதினார். குந்தி அமரும் வழக்கத்தினால் கணுக்கால் எலும்புகளில் தனிப் பரப்புகள் அமைந்திருப்பதை அதில் காட்டினார். வழக்கத்துக்கு ஏற்ப எலும்பும் இசைகிறது என்பதே அதன் கருத்து. கோலமிடவும் பந்தியில் உட்காரவும் பழகிய கால்களுக்கு அது தீங்கில்லை. இருபது ஆண்டு நாற்காலியிலேயே அமர்ந்தவர், ஒரு நாள் திடீரென நெடுநேரம் குந்தினால் குதிகால் முறையிடும். பழக்கத்தைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்ளவேண்டும்.

அவையோரே! நாண் நாணாகவே இருக்கிறது. எலும்பு எலும்பாகவே இருக்கிறது. இடையில் படிப்படியாக ஒன்று மற்றொன்றாக மாறுவதால் இணைப்பு நிலைக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்து, மற்றொரு மண்ணில் நிலைகொண்ட நமக்கு இவ்வமைப்பு புதிதன்று. நம் பிள்ளைகளே அந்த இடைப்படி. சுமையேற்றுவதாயினும், பயிற்சியாயினும், நோயிலிருந்து மீள்வதாயினும், குதிகால் கேட்பது ஒன்றே: அவசரப்படாதீர், படிப்படியாகச் செய்யுங்கள். இன்றிரவு வீடு திரும்பியதும், காலணியைக் கழற்றி, இரு குதிகால்களின் பின்புறத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தடிப்போ வலியோ இருப்பின் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.